யாருக்கு அந்த ஒரு முழம் மல்லிகை?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். பஃபலோ சாலையில் வரிசையாகக் காய்கறிக் கடைகள். முருங்கைக்காயும் வாழைத்தண்டும் வெண்டைக்காயும் குவிந்து கிடக்கும். பக்கத்திலேயே பூக்கடை. ஒரு பெரியம்மா பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு மாலை சொல்லிக்கொண்டிருக்கிறார். ரோஜா வேண்டாம், சம்பங்கி போடு என்கிறார். பேரம் நடக்கிறது.

அந்தக் கூட்டத்துக்குள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மெல்ல நுழைகிறார். இஸ்திரி போட்ட சட்டை. தலையில் படிய வாரிய எண்ணெய். “அக்கா, ஒரு முழம் குடுங்க” என்கிறார். பூக்காரம்மா முழங்கையால் அளந்து, நாலு பூ கூடவே விட்டு நறுக்கிப் பையில் போட்டுக் கொடுக்கிறார். வாங்கியவர் பையைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு நடக்கிறார்.

அவர் கட்டுமான வேலைக்கு வந்தவர். மனைவி மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அவருக்கு அக்கா கிடையாது, தங்கை கிடையாது, மகள் கிடையாது. அந்தப் பூவைச் சூடிக்கொள்ள ஒரு தலை கிடையாது. பிறகு யாருக்கு அந்த ஒரு முழம் மல்லிகை?

சிலர் அப்படியே சிராங்கூன் சாலைக்குப் போய் வீரமாகாளியம்மனுக்குச் சாத்திவிட்டு வருகிறார்கள். சிலர் தங்குவிடுதிக்கு எடுத்துப் போகிறார்கள். இரண்டடுக்கு இரும்புக் கட்டில். கம்பியில் ஒட்டியிருக்கும் முருகன் படத்துக்குக் கொஞ்சம், மீதி தலைமாட்டில். பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கும் அறை அது. சிமெண்டும் வியர்வையும் காயாத துணியும் கலந்த வாடைக்குள் அந்த மல்லிகை இரவு முழுக்க மணக்கும். விடிந்தால் பழுப்பேறிவிடும். அதற்குள் லாரி வந்துவிடும்.

இதைக் கேட்டவுடன் கணக்குப் பார்க்கிற மனம் ஒன்று விழித்துக்கொள்ளும். ‘லட்சக்கணக்கில் ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்த ஆள். கடனை அடைக்காமல் இவருக்கு எதற்குப் பூ? அந்தக் காசை மிச்சம் பிடித்தால் வீட்டுக்கு ஆகாதா?’ இப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்கள் கிடையாது. பெரும்பாலும் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. உழைக்க வந்தவனுக்கு உழைப்பும் சோறும் தூக்கமும் போதும். இன்பம் என்பது எல்லாக் கடமையும் முடிந்து கையில் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்ற கருத்து.

வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. அறத்துக்கு 38 அதிகாரம், பொருளுக்கு 70 அதிகாரம் எழுதியவர், இன்பத்துக்குத் தனியாக ஒரு பால் ஒதுக்கி 25 அதிகாரம் எழுதினார். 250 குறள். பள்ளிக்கூடப் புத்தகங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு பாலோடு நிறுத்திக்கொள்கின்றன. மூன்றாவது பாலைப் பெரியவர்களும் புரட்டுவதில்லை. காதலிக்கிற வயதில் கொஞ்சம் பார்ப்பார்கள், கல்யாணப் பத்திரிகையில் ஒரு குறள் அச்சடிப்பார்கள், அவ்வளவுதான்.

புரட்டினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அந்த 25 அதிகாரங்களில் காதலித்துக் கைப்பிடிக்கும் வரை உள்ள களவியலுக்கு 7 அதிகாரம்தான். கல்யாணத்துக்குப் பிறகான கற்பியலுக்கு 18. நம் சினிமாக்கள் கல்யாணத்தோடு ‘சுபம்’ போட்டு முடித்துவிடுகின்றன. வள்ளுவர் அங்கேதான் தொடங்குகிறார். கற்பியலின் முதல் அதிகாரம் எது தெரியுமா? பிரிவாற்றாமை. கணவன் புறப்படுகிறான். அடுத்தடுத்த அதிகாரங்களின் தலைப்புகளைப் பாருங்கள். வழி பார்த்துக் கண் நோவது, மேனியில் பசலை படர்வது, தனிமையில் நினைத்துப் புலம்புவது, கனவில் வந்தவரைப் பற்றிச் சொல்வது, மாலைப் பொழுதைக் கண்டு கலங்குவது, உடம்பு மெலிவது. இது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கதையா, போன வாரம் மன்னார்குடியில் நடந்த கதையா?

அதற்கும் முந்தைய சங்கப் பாடல்களுக்குப் போனாலும் இதே கதைதான். அகநானூற்றில் 400 பாடல்கள். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண்ணில் வரும் பாடல்கள் எல்லாம் பாலைத் திணை. அதாவது சரிபாதி, 200 பாடல்கள், பிரிவைப் பற்றியவை. அதில் பெரும்பகுதி பொருள் தேடிப் போகும் கணவனைப் பற்றியது. தமிழனின் காதல் இலக்கியத்தில் பாதி, சம்பாதிக்கப் போனவனின் கதை!

தொல்காப்பியத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று பொருள்படும் ஒரு நூற்பா. வேறு பொருள் சொல்லும் உரைகாரர்களும் உண்டு, அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். கடல் என்றே வைத்துக்கொண்டால், இன்றைய சிங்கப்பூரின் ‘வொர்க் பெர்மிட்’ விதியும் அதையேதான் சொல்கிறது. வொர்க் பெர்மிட்டில் வரும் கட்டுமானத் தொழிலாளி மனைவி மக்களைக் கூட அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாது. இங்குள்ள குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க நினைத்தால் மனிதவள அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். சிறிய தீவு, இடம் போதாது, என்று அரசாங்கத்துக்கு அதற்கான காரணங்கள் இருக்கின்றன. விதியை எழுதியவர்கள் தொல்காப்பியம் படித்திருக்க மாட்டார்கள்.

இது புதிய தலைமுறைக்கு மட்டும் வந்த துன்பமும் இல்லை. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தார்கள். இன்று தேக்காவில் பேரக்குழந்தையோடு சாமான் வாங்கும் பல குடும்பங்களின் பாட்டன், முப்பாட்டன் அந்த ஐந்து பேரில் ஒருவர்தான். மாடும் எருமையும் வளர்த்த வட்டாரம் அது. பஃபலோ சாலை என்றால் எருமைச் சாலை. பக்கத்தில் கெர்பாவ் சாலை, அதுவும் மலாயில் எருமைதான். கொஞ்சம் தள்ளி லெம்பு சாலை, மலாயில் மாடு. மாட்டுக்குப் பெயர் வைத்தவர்கள், மாடு மேய்த்தவனின் மனைவி எந்த ஊரில் இருந்தாள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

இரண்டரை மணி நேரம்

சிங்கப்பூருக்கும் தமிழ்நாட்டுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரு தம்பதியின் வாழ்க்கைக்குள் அதை வைத்துப் பாருங்கள்.

இவர் வேலை முடிந்து, லாரியில் திரும்பி, வரிசையில் நின்று குளித்து, சாப்பிட்டு, போனைக் கையில் எடுக்கும்போது இரவு ஒன்பது மணி. அங்கே மாலை ஆறரை. விளக்கு வைக்கும் நேரம். மாமியாருக்குக் காபி, மாட்டுக்குத் தண்ணீர், டியூசன் போன பிள்ளை இன்னும் வரவில்லை, குக்கர் விசில் அடிக்கிறது. இவருக்குப் பேச ஆசை. அவருக்கு நேரம் இல்லை. அவர் எல்லா வேலையும் முடித்து, பாயை விரித்து, இனி நிதானமாகப் பேசலாம் என்று உட்காரும்போது அங்கே ஒன்பதரை. இங்கே நள்ளிரவு. காலை நாலரைக்கு எழ வேண்டிய ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

மாலைப் பொழுதைக் கண்டு கலங்குவதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். அவருடைய தலைவனுக்கும் தலைவிக்கும் எத்தனை காத தூரம் இருந்தாலும் மாலை ஒன்றுதான். இவர்களுக்கு மாலையே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

சரி, போன் வந்த பிறகு பிரிவு ஏது என்று சிலர் சொல்வார்கள். முகம் பார்த்தே பேசுகிறார்களே! அந்தக் காலத்தில் கடிதம் போட்டால் வாரக்கணக்கில் ஆகும். பதில் வர இன்னும் சில வாரங்கள். எழுதத் தெரியாதவர் இன்னொருவரிடம் சொல்லி எழுத வேண்டும். மனைவிக்கு எழுத நினைத்ததில் பாதியை அந்த மூன்றாம் மனிதர் முன்னால் சொல்ல முடியாது. அந்தப் பக்கமும் அஞ்சல்காரரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ படித்துச் சொல்ல வேண்டும். ‘நலம், நலமறிய ஆவல்’ என்பது எத்தனை பெரிய மூடி! அதற்கு அடியில் என்னவெல்லாம் இருந்திருக்கும்!

அந்த மூடியைத் திறந்து காட்டியவர்கள் கேரளத்துக்காரர்கள். 1970களில் வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கியபோது எஸ்.ஏ. ஜமீல் என்ற மாப்பிளப்பாட்டுக் கவிஞர் ‘துபாய் கத்து’ என்று ஒரு பாட்டுக் கட்டினார். கத்து என்றால் கடிதம். துபாயில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம். வீட்டுச் செலவு விவரம் எழுதவில்லை அவள். தன் இளமை வீணாகப் போகிறதே என்று எழுதினாள். மலபார் முழுக்க அந்தப் பாட்டு பரவியது. கணவன் எழுதும் பதில் பாட்டையும் ஜமீலே கட்ட வேண்டியதாயிற்று. பணம் அனுப்பிவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த எத்தனையோ ஆண்களுக்கு, மனைவிக்கும் ஓர் உடம்பும் மனமும் இருக்கிறது என்று ஒரு பாட்டுதான் நினைவூட்டியது.

ஐரோப்பாவிலும் இதே கதை உண்டு. ஜான் பெர்ஜர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1975இல் புலம்பெயர்ந்த தொழிலாளிகளைப் பற்றி ‘ஏழாவது மனிதன்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு செய்தி வருகிறது. போர்ச்சுகல்லில் இருந்து திருட்டுத்தனமாக எல்லை தாண்டி பிரான்சுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதை இரண்டாகக் கிழிப்பார்கள். ஒரு பாதி வழிகாட்டியிடம், ஒரு பாதி பயணிடம். பிரான்சு போய்ச் சேர்ந்ததும் பயணி தன்னிடமுள்ள பாதியை வீட்டுக்குத் தபாலில் அனுப்புவான். ‘பத்திரமாகச் சேர்ந்துவிட்டேன்’ என்று அர்த்தம். வழிகாட்டி தன் பாதியோடு வீட்டுக்கு வந்து பொருத்திக் காட்டினால்தான் கூலி. தன் புருஷனின் முகத்தின் ஒரு பாதி தபாலில் வந்து சேரும் வரை காத்திருந்த பெண்ணின் இரவுகளை நினைத்துப் பாருங்கள்.

கற்பனை என்பது கவிஞர்களின் சொத்து என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பிரிந்திருக்கும் தம்பதியைப் போலக் கற்பனையில் கடுமையாக உழைப்பவர்கள் யாரும் இல்லை. ஒரு குரலை வைத்து முகத்தை உண்டாக்க வேண்டும். ஒரு முகத்தை வைத்து அறையை உண்டாக்க வேண்டும். ‘இப்போது கொல்லைப்பக்கம் நிற்பாள், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள்’ என்று பத்தாவது மாடிச் சாரத்தில் நின்றுகொண்டு ஒருவர் நினைத்துக்கொள்கிறார் என்றால், அது பொழுதுபோக்கு இல்லை. அன்றைய பகலைத் தாண்டுவதற்கான வழி. அப்பா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டும் குழந்தைகள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! அந்தக் குழந்தையும் பாவம், தன் பங்குக்குக் கற்பனை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஊடல் என்ன ஆயிற்று?

போன் வந்ததால் பிரிவு தீர்ந்ததா என்ற கேள்விக்கு இன்பத்துப்பாலின் கடைசிப் பக்கத்தில் பதில் இருக்கிறது.

திருக்குறள் எந்த அதிகாரத்தோடு முடிகிறது என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். 133ஆவது அதிகாரம், ஊடலுவகை. கணவன் மனைவி பொய்க்கோபம் கொண்டு, பிணங்கி, பிறகு சேர்வதில் இருக்கும் ஆனந்தம். கடவுள் வாழ்த்தில் தொடங்கிய நூல், ஒரு வீட்டின் உள்ளறையில் ஒரு சின்னச் சிணுங்கலோடு முடிகிறது. உலகத்து நீதி நூல்களில் இப்படி ஒரு முடிவு வேறு எதற்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஊடல் வேறு, சண்டை வேறு. சண்டையில் ஜெயிக்க வேண்டும். ஊடலில் யார் முதலில் சிரிக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். அதைச் சமையலில் உப்போடு ஒப்பிட்டார் வள்ளுவர். கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும். அந்த அளவைப் பார்த்துப் பார்த்துப் போடுவதற்கு இரண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில் இருக்க வேண்டும்.

கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிற மனைவி கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள். வளையல் சத்தம் கேட்கிறது. பாத்திரத்தை வைக்கிற ஓசையிலேயே கோபம் எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. காபி வருகிறது. டம்ளரை ‘டக்’ என்று வைத்துவிட்டுப் போகிறாள். ஆனால் சர்க்கரை சரியாக இருக்கிறது. ஆகா, பாதிக் கோபம் போய்விட்டது என்று புரிகிறது!

போனில் இது நடக்குமா? கோபத்தில் கட் செய்தால் அவ்வளவுதான். இந்தப் பக்கம் எதுவும் கேட்காது. சிக்னல் போய்விட்டதா, டேட்டா தீர்ந்துவிட்டதா, கோபமா என்றே தெரியாது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஊரில் அது பத்து நிமிட ஊடல். இங்கே அது ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் புரண்டு, காலையில் கிறுகிறுப்போடு சாரம் ஏறுவது. ஆபத்தான விஷயம்.

அதனால் என்ன செய்கிறார்கள்? ஊடலையே விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் பயம். அந்தப் பக்கம் இருப்பவர் ‘பாவம், அங்கே கஷ்டப்படுகிறார், நாம் எதற்கு மனதைக் கெடுக்க வேண்டும்’ என்று விழுங்கிக்கொள்கிறார். இந்தப் பக்கம் இருப்பவரும் விழுங்கிக்கொள்கிறார். நாலு வருஷம் ஆனதும் பேச்சு இப்படி ஆகிவிடுகிறது:

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சுங்க.”

“அங்க மழையா?”

“லேசா தூறுது.”

“பணம் ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு.”

“சரி, வெச்சிடவா?”

“ம்.”

தவறாக ஒரு வார்த்தை இல்லை. கோபம் இல்லை, குறை இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மிக மரியாதையாக இருக்கிறார்கள். விருந்தாளியிடம் இருப்பது போல. வெளிநாடு போனவர் சம்பாதித்துக் கொண்டு வருவதைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்காகக் கொடுக்கும் விலையில் இதுவும் ஒன்று என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொலைவு காதலைக் கொன்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைவிட நிதானமாக நடக்கும் வேலை இது. காதல் அப்படியே இருக்கும், அதன் உப்பு மட்டும் கரைந்து போயிருக்கும்.

தேக்காவில் என்ன இருக்கிறது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருவோம். தீவின் மூலை முடுக்கில் இருக்கும் விடுதிகளில் இருந்து ஒரு மணி நேரம் பயணம் செய்து ஏன் இத்தனை பேர் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறார்கள்?

பணம் அனுப்ப, மளிகை வாங்க, இட்லி சாப்பிட என்று காரணம் சொல்வார்கள். இவை எல்லாவற்றையும் இன்று விடுதிக்குப் பக்கத்திலேயே செய்யலாம். தொழிலாளர்களுக்கென்றே கட்டிய பொழுதுபோக்கு மையங்கள் இருக்கின்றன. விளையாட்டுத் திடல், கடைகள், உணவகம், படம் பார்க்கத் திரை. நல்ல எண்ணத்தோடு கட்டியவைதான், அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே போனால் யார் இருப்பார்கள்? இவரைப் போலவே ஆயிரம் ஆண்கள். வாரம் முழுக்கப் பார்த்த அதே முகங்கள்.

தேக்காவில் வேறு ஒன்று இருக்கிறது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் பாட்டி இருக்கிறார். பலூன் வேண்டும் என்று தரையில் புரளும் குழந்தை இருக்கிறது. “போன வாட்டி இதே விலைக்கா குடுத்த?” என்று கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கடைக்காரரிடம் சண்டை பிடிக்கும் பெண் இருக்கிறார். கோயில் மணி, சாம்பிராணி, புரோட்டாக் கல்லின் சத்தம், சீனத்து மீன்கடைக்காரர் தமிழில் கூப்பிடும் குரல். ஒரு குடும்பம் எப்படி இருக்கும் என்பது மறந்து போகாமல் இருக்க அவர் அங்கே வருகிறார். மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து ஒரு துண்டைக் கடன் வாங்கிக்கொண்டு போகிறார். யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை.

மனிதனின் ருசியே அப்படித்தான் உண்டாகிறது, இன்னொருவனின் இன்பத்தைப் பார்த்து. சிங்கப்பூரின் பேர்பெற்ற மீன்தலைக் கறியைச் சமைத்தவர் எம்.ஜே. கோமஸ் என்ற கேரளத்துக்காரர். 1949இல் சாப்பாட்டுக் கடை போட்டவர். சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, அதையே மலையாளத்துக் குழம்பில் போட்டுக் கொடுத்தார். இன்று ரேஸ்கோர்ஸ் சாலையில் உலகத்துச் சுற்றுலாப் பயணிகள் எல்லாம் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். விடுதி வாசலிலேயே அடைத்து வைத்திருந்தால் கோமஸுக்கு அந்தக் கற்பனை வந்திருக்குமா?

இதே ரேஸ்கோர்ஸ் சாலையில்தான் 2013 டிசம்பர் 8ஆம் தேதி, ஒரு ஞாயிறு இரவு, ஒரு துயரம் நடந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர், விடுதிக்குத் திரும்பும் பேருந்தின் அடியில் சிக்கி இறந்துபோனார். அதைத் தொடர்ந்து கலவரம். வாகனங்கள் எரிந்தன. 25 பேர் மீது வழக்கு, 57 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். குடிபோதையும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. 2015 ஏப்ரல் முதல் லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் மது அருந்தத் தடை வந்தது. அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களின் சங்கடமும் பொய்யில்லை. தங்கள் வீட்டுப் படிக்கட்டில் பாட்டில் உருள்வதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்கிற கண் கொஞ்சம் மாறிப்போனது. பூ வாங்க வந்தவரும் அந்தப் பார்வைக்கு அடியில்தான் நடக்க வேண்டியிருந்தது.

அடுத்த அடி 2020இல் விழுந்தது. கொரோனா. ஏப்ரலில் விடுதிகளின் கதவு மூடப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மருத்துவம் கிடைத்தது, சாப்பாடு கிடைத்தது, சம்பளத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். உயிரிழப்பும் மிகக் குறைவு. மறுக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கடைக்கும் பூங்காவுக்கும் போகத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் இவர்களுக்கு விடுதியும் வேலையிடமும், மிஞ்சினால் பொழுதுபோக்கு மையமும்தான். 2021 செப்டம்பரில் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. தடுப்பூசி போட்டவர்கள், வாரத்துக்கு 500 பேர் வரை, நான்கு மணி நேரம் வெளியே போய் வரலாம். முதலில் அவர்களை எங்கே அழைத்துப் போனார்கள்? லிட்டில் இந்தியாவுக்கு. ஒன்றரை வருஷம் கழித்துக் கிடைத்த நான்கு மணி நேரம். நிபந்தனை விதித்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, இவர்களின் மனம் எங்கே போகும் என்று. வெளியே போக அனுமதிச் சீட்டு எடுக்கும் முறை 2022 ஜூன் வரை நீடித்தது. அதன் பிறகும் லிட்டில் இந்தியா போன்ற நான்கு இடங்களுக்கு ஞாயிறுகளில் தனிச் சீட்டு சில காலம் தேவைப்பட்டது.

ஒரு முழம் மல்லிகையின் மதிப்பு என்ன என்பதை அந்தக் காலத்தில் ஒருவரிடம் கேட்டிருந்தால் கணக்குப் பார்க்கிற மனத்துக்குச் சரியான பதில் கிடைத்திருக்கும்.

நல்ல செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014இல் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஒரு கவிதைப் போட்டி தொடங்கியது. முதலில் வங்காள மொழியில். அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழ் உள்ளிட்ட மற்ற மொழிகளும் சேர்ந்தன. முதல் இரண்டு ஆண்டும் முதல் பரிசு வாங்கியவர் ஜாகிர் ஹொசைன் கொகொன் என்ற பங்களாதேஷ்காரர், கட்டுமான வேலையில் இருந்தவர். முகுல் ஹொசைன் என்ற இன்னொரு கட்டுமானத் தொழிலாளியின் கவிதைகள் 2016இல் ஆங்கிலத்தில் புத்தகமாகவே வந்தன. கட்டடத்தின் உயரத்தைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் உண்டு. இவர்கள் அம்மாவைப் பற்றியும் மனைவியைப் பற்றியும் எழுதினார்கள். அகநானூறு வந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். பொருள் தேடிப் போனவனும், வழி பார்த்துக் காத்திருந்தவளும் இல்லாமல் அந்த 200 பாடல்கள் எங்கிருந்து வந்திருக்கும்?

மாலை ஏழரை மணி. பூ வாங்கியவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறார். போன் அடிக்கிறது. ஊரில் ஐந்து மணி, மாமியார் கோயிலுக்குப் போயிருக்கிறார், பிள்ளை விளையாடப் போயிருக்கிறான். அபூர்வமாக இரண்டு பேருக்கும் நேரம் இருக்கிறது. வீடியோவில் முகம் தெரிகிறது. கையில் இருக்கும் பையும் தெரிந்துவிடுகிறது.

“அது என்னங்க கையில?”

“ஒண்ணுமில்ல… பூ.”

“பூவா? யாருக்கு?”

“சும்மாதான் வாங்கினேன்.”

“சும்மா எவனாவது பூ வாங்குவானா? யாருக்குன்னு சொல்லுங்க.”

கணவன் தும்மினால்கூட யாரோ நினைத்ததால்தான் தும்மினாய் என்று பிணங்கும் ஒரு பெண்ணை வள்ளுவர் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் இப்போது மன்னார்குடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே இவர் சிரிக்கிறார். சிரித்தால் அவளுக்கு இன்னும் கோபம் வருகிறது. நாலு வருஷம் கழித்து வந்த கோபம். பேருந்து வந்து நிற்கிறது, கூட்டம் ஏறுகிறது. இவர் ஏறவில்லை.

“ஏய், இரு புள்ள, வெச்சிடாத. சொல்றேன்…”